பாதிப் பாட்டில் கையை எடுப்பவர்

நான் அதை முதல்முறை பார்த்தது பிரின்ஸ்டனுக்குப் போகிற வழியில் இருந்த ஓர் இத்தாலிய ரெஸ்டாரண்டில். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டமான நேரம். அவர் மூலையில் இருந்த பியானோவில் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய நண்பர், நெட்டையான கறுப்பினத்தவர், ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தந்திகளைச் சுண்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவரை அங்கே காரில் கூட்டிவந்தது நான்தான்.

பரிமாறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டாள். ஸ்பானிஷ் பேசுகிற சின்னப் பெண். மேனேஜர் ஓடிவந்து அத்தனை பேருக்கும் முன்னால் கத்த ஆரம்பித்தார். அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் தட்டையே பார்த்தார்கள். நானும்தான். அப்போது பியானோ நின்றது.

மெட்டு முடிந்து நிற்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லின் நடுவே வாயை மூடிக்கொண்டதுபோல் நின்றது. அவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஸ்டூலில் மெல்லத் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிற பார்வை. பேஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதுவரை அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நின்றதும் எல்லோருக்கும் காது திறந்துவிட்டது. மேனேஜருடைய குரல் மட்டும் தனியாக, மிகப் பெரிதாகக் கேட்டது. அது அவருக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. சட்டென்று திரும்பி, "என்ன பிரச்சினை?" என்றார்.

"ஒன்றுமில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்."

மேனேஜர் முகம் சிவந்து உள்ளே போனார். அந்தப் பெண்ணும் போனாள். அவர் திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே ஸ்வரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அடுத்த மாதம் அந்த ரெஸ்டாரண்டில் அவருக்கு வேலை இல்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இத்தாலியில் ஒரு காலத்தில் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் ஏராளம் என்று பேஸ்காரர் சொல்லியிருக்கிறார். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில், எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருந்த அறுபத்தைந்து வயதுக்காரர் என்றுதான் எனக்கு அவரைத் தெரியும். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஓர் உயிரெழுத்தை ஒட்டிவிடுகிற ஆங்கிலம். அதை நான் தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். என்னை 'சிஞோரா' என்பார். அவர்கள் ஊரில் கல்யாணமான பெண்ணை மரியாதையாக அப்படிக் கூப்பிடுவார்களாம்.

பழக்கமானது அபார்ட்மெண்டின் லாண்டரி ரூமில். நான் கரூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதுசு. கணவர் சேகருக்கு ஹெச்-ஒன் என்கிற வேலை விசா, எனக்கு மனைவிக்குத் தருகிற ஹெச்-ஃபோர். அதில் வந்தவள் வேலைக்குப் போகக்கூடாது. பகலெல்லாம் ஜன்னலும் டிவியும்தான். டிரைவிங் லைசென்ஸ் வாங்கியதுதான் நான் அந்த நாட்டில் செய்திருந்த ஒரே காரியம். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே, பேர்கூடக் கேட்காமல், "சிஞோரா, நீங்கள் கார் ஓட்டுவீர்களா?" என்றார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை. அதுவரை கூட்டிப்போய்க்கொண்டிருந்த டிரம்ஸ்காரர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாராம்.

சேகரிடம் சொன்னேன்.

"யாரு அந்த ஆளு? வயசு என்ன?"

"எங்கப்பாவைவிடப் பெரியவருங்க."

"அப்ப சரி. ஆனா காசு கீசு வாங்கிடாத. ஹெச்-ஃபோர்ல ப்ராப்ளம் ஆயிடும்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு டிரைவரானேன். கல்யாண ரிசப்ஷன், ரெஸ்டாரண்ட், யாரோ ஒருவருடைய அறுபதாவது பிறந்தநாள். முதலில் ஜாலியாகத்தான் இருந்தது. அந்தத் தட்டு உடைந்த நாளுக்குப் பிறகு எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்த ஆரம்பித்தேன். அவர் வாசிக்கும்போது நான் அவரைப் பார்ப்பதில்லை. அறையில் யார் குரலை உயர்த்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியின் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையை வெடுக்கென்று பிடுங்கினார். பியானோ நின்றது. கேக்கை வெட்டக் கத்தியை எடுத்த பெண்ணும் மாப்பிள்ளையும் அப்படியே நின்றார்கள்.

பேஸ்காரர் ஒருநாள் பார்க்கிங் லாட்டில், வாத்தியத்தை வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார். "இவன் கையை எடுக்கும்போது பெரிய மனிதனாகத் தெரிவான். ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் நான். என் கையையும் சேர்த்துத்தான் எடுக்கிறான்." நியூவர்க்கில் ஒரு கிளப்பில் நான்கு பேராக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், பெரிய ஏஜெண்ட் ஒருவர் அவர்களைக் கேட்க வந்தாராம். பிடித்திருந்தால் ஊர் ஊராகக் கச்சேரி. வந்த ஏஜெண்ட், கோட்டு வாங்கி மாட்டுகிற கிழவியிடம் ஏதோ கேவலமாகச் சொல்லிவிட்டார். இவர் நிறுத்திவிட்டார். ஏஜெண்ட் எழுந்து போய்விட்டார். "நாங்கள் மூன்று பேரும் அந்த ஆளை அடிக்கலாமா, இவனை அடிக்கலாமா என்று தெரியாமல் நின்றோம்."

"அப்புறமும் ஏன் இவரோடு வாசிக்கிறீர்கள்?"

அவர் வேன் கதவைச் சாத்தினார். "இவனைப்போல் வாசிக்கிறவன் வேறு யார் இருக்கிறான், சொல்லுங்கள்."

அது உண்மை. எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. முதலில் கேட்டபோது ஒரே மெட்டை ஏன் இப்படி உடைத்து உடைத்துப் போடுகிறார் என்றுதான் தோன்றியது. அவருடைய அப்பாவின் காலத்தில் இத்தாலியில் ஜாஸை வெளிப்படையாகக் கேட்க முடியாதாம். அந்நியர்களின் கெட்ட சங்கீதம் என்று அரசாங்கம் முகம் சுளித்த காலம். அப்பா ரேடியோவைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு கேட்பார். மகன் அந்தக் கம்பளிக்குள்ளேயே தலையை நுழைத்துக்கொண்டு கேட்பான். "எனக்கு ஜாஸ் என்றால் இன்னும் கம்பளி வாசனைதான்" என்பார். பிறகு கப்பல் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்திருக்கிறார். மிலான் நகர கிளப்புகளில் வாசித்திருக்கிறார். எனக்குத் தக்காளி மட்டும் போட்ட பாஸ்தா செய்துகொடுக்கும்போது இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொல்வார். ஒன்றுக்கும் முன்பின் இருக்காது. அறுபதுகளில் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் பரவியபோது அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு கேட் வாசலுக்குப் போக ஆரம்பித்தாராம். அக்கார்டியன் என்பது நம் ஆர்மோனியத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அவரே பாட்டுக் கட்டினார். பிரஸ் மெஷினில் கை போன ஒரு தொழிலாளியைப் பற்றிய பாட்டு நாடு முழுக்கப் பரவியது. கம்பெனி அந்த ஆள் கவனக்குறைவாக இருந்தான் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்பது அதில் மூன்றாவது சரணம்.

டெலிவிஷனில் நேரடி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது சரணம் மட்டும் வேண்டாம் என்றார்கள். சரி என்று தலையாட்டினார். இரண்டு சரணம் பாடினார். பிறகு கையை எடுத்துவிட்டு, காமிராவைப் பார்த்தபடி, அந்தச் சரணம் பாட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் கடைசிச் சரணத்தைப் பாடி முடித்தார். ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த மௌனத்தில் மூன்றாவது சரணத்தைப் பாடியது என்று பேஸ்காரர் சொல்வார், அவர் அப்போது அங்கே இல்லாவிட்டாலும். அதற்குப் பிறகு எந்த டெலிவிஷனும் ரேடியோவும் அவரைக் கூப்பிடவில்லை. ரெக்கார்டு கம்பெனியும் விட்டுவிட்டது. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டு அமெரிக்கா வந்தவர்தான்.

"அதில்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை சிஞோரா. அது நல்ல கதை, அதனால் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்." அடுப்பை அணைத்தார். "கேட் வாசலில் ஒருநாள் பாடிக்கொண்டிருந்தேன். காவலாளிகள் ஒரு தொழிலாளியைப் பிடித்து இழுத்தார்கள். அடித்தார்கள். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். பாட்டு ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு அவனைப் பார்க்கப் போனேன். அவன் சொன்னான், 'என்னை இழுத்துக்கொண்டு போனபோது நீ பல்லவியில் இருந்தாய். நல்லாத்தான் பாடினாய்.' அவ்வளவுதான் சொன்னான்."

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது சேகரின் கம்பெனி ஆண்டு விழா வந்தது. எடிசன் நகரில் ஒரு பாங்க்வெட் ஹாலில் மதியச் சாப்பாடு, குடும்பத்தோடு வரவேண்டும். கம்பெனி என்றால் பெரிய கம்பெனி இல்லை. மெட்ராஸ்காரர் ஒருவர் சொந்தமாக நடத்தியது. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புவார். கிரீன் கார்டு ஃபைல் பண்ண வேண்டும் என்று சொல்லி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் லாக்கரில் வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேருடையதும் அங்கேதான் இருந்தது. அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஹாலுக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். பியானோ முன்னால் அவர். பக்கத்தில் பேஸ்காரர். ஹால்காரர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையை அசைத்தார்.

"உன் இத்தாலி அங்கிள்தானே?" என்றார் சேகர். "நல்லா வாசிக்கறாரே."

எங்கள் ஓனர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு நடுவில் ஓனர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசை மேசையில் கிளையண்ட் கம்பெனியிலிருந்து வந்த அமெரிக்க மேனேஜர்கள் இருந்தார்கள். அவர்களை ஆங்கிலத்தில் வரவேற்றார். பிறகு சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார்.

"நம்ம முரளிக்கு இங்க போர் அடிக்குதாம். வேற கம்பெனில ஆஃபர் வாங்கியிருக்காராம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு. எந்திரி முரளி. எல்லாரும் பாக்கட்டும்."

முரளி எங்கள் மேசையில்தான் இருந்தான். சேகருடன் ஒரே டீம். என்னை அக்கா என்று கூப்பிடுகிற பையன். எழுந்து நின்றான்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தது நானு. உன் பாஸ்போர்ட் என் லாக்கர்ல இருக்கு. நான் இமிக்ரேஷனுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினா போதும், அடுத்த வாரம் மீனம்பாக்கத்துல எறங்கிடுவே. மேல வா. மைக்ல ஸாரி சொல்லு. ஒக்காந்திருக்கவங்க எல்லாருக்கும் அது ஒரு பாடமா இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது யார் என்கிற சிரிப்பு. அமெரிக்கர்களும் ஏதோ வாழ்த்து என்று நினைத்துப் புன்னகை செய்தார்கள். முரளி மேசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தான்.

பியானோ நின்றது.

ஓனர் திரும்பிப் பார்த்து, "மியூசிக், ப்ளீஸ்" என்றார். அவர் அசையவில்லை. தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டு முரளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹால் முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"சிஞோரா," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பையனிடம் இவர் என்ன சொன்னார்?"

ஹால் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மேசைக்கு அடியில் சேகர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வசந்தி, வேண்டாம். ஜோக்குன்னு சொல்லிடு. ப்ளீஸ்."

சேகருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. வயிற்றில் குழந்தை புரண்டது. ஜோக் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முரளி பாதி வழியில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்துக்கு நேராக என்னால் ஜோக் என்று சொல்ல முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஓனர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். லாக்கர், பாஸ்போர்ட், ஃபேக்ஸ், பாடம், எல்லாம். தமிழில் அதில் ஒட்டியிருந்த சிரிப்பு ஆங்கிலத்தில் வரவில்லை.

முன்வரிசையில் இருந்த வயதான அமெரிக்கப் பெண்மணி ஃபோர்க்கைக் கீழே வைத்தார். "இது உண்மையா?" என்று ஓனரைக் கேட்டார்.

"ஜோக், ஜோக். எங்கள் கல்ச்சரில் இப்படித்தான்" என்றார் ஓனர். மைக் இன்னும் ஆனில் இருந்தது.

அவர் பியானோவின் மூடியைச் சாத்தினார். கோட்டை மாட்டிக்கொண்டார். பேஸ்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அடுத்த வாரம் முரளியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை ஏர்போர்ட் வாசலில் வைத்துத்தான் கொடுத்தார்களாம். உள்ளே போய் எனக்குப் போன் பண்ணினான்.

"அக்கா, உங்க மேல கோவம்லாம் இல்ல. நீங்க சொன்னது கரெக்ட்டு. ஆனா அந்த அங்கிள்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. அவர் நிறுத்திட்டாரு. சரி. நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவாராம்?"

கீழே போய் அவரிடம் அதை அப்படியே கேட்டேன். அவரிடம் கேட்டதற்குப் பதில் வராமல் போனது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

பிறகு சேகர். புராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு மெடிக்கல் இன்ஷூரன்ஸும் நின்றுவிடும். சேகரின் காலேஜ் ஃபிரெண்ட் டெக்சஸில், ரவுண்ட் ராக்கில், ஒரு நல்ல வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் பாஸ்போர்ட் லாக்கரில். போன் பண்ணினால் ஓனர் மீட்டிங்கில் இருக்கிறார்.

"போலீஸுக்குப் போலாங்க" என்றேன்.

"ஹெச்-ஒன்ல இருக்கறவன் போலீஸுக்குப் போறதா? மாசமா இருக்கற உன்னை வெச்சுக்கிட்டு? வெளையாடறியா?"

அன்று சேகர் கீழே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் கதவைத் திறந்ததும் சேகர் ஆங்கிலத்தில் கத்தினார். அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு என்ன? கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அந்தப் பையன் போய்விட்டான். என் மனைவியைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் எங்கே போவேன்? இந்த ஊரில் உங்களைத் தவிர வேறு யாருக்குமே மனசாட்சி இல்லையா?"

அவர் சேகர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"பாஸ்போர்ட்!"

அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டில் சத்தமே இல்லை. சனிக்கிழமை மாடிக்கு வந்து, "நாளை மதியம் ஒரு இடத்துக்குப் போகவேண்டும் சிஞோரா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. மறுநாள் காரில் ஏறி ரூட் ஒன் நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் சொன்னார். பேஸ்காரருடைய வேனில் போய் ஓனரைப் பார்த்திருக்கிறார். ஓனருடைய புது வீட்டில் கிரகப்பிரவேசப் பார்ட்டி. விழாவுக்கு வந்த அதே ஆட்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டும். மதியம் முழுக்கச் சொன்னதை வாசிக்கவேண்டும். பாஸ்போர்ட்டுகளை அங்கேயே கொடுத்துவிடுவதாக ஒப்பந்தம்.

நான் காரை வேகம் குறைத்தேன். "வேண்டாம். திரும்பிவிடலாம். வேறு ஏதாவது பண்ணிக்கொள்கிறோம்."

"சிக்னல் பச்சை, சிஞோரா. போங்கள்."

அந்த வீட்டு ஹாலில் வாங்கியதிலிருந்து யாரும் தொடாத ஒரு கறுப்புப் பியானோ இருந்தது. அமெரிக்கர்கள் யாரும் இல்லை. நம் ஆட்கள் மட்டும். அவர்கள் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். ஓனர் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"சார் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

அவர் எழுந்து நின்றார். "அன்று உங்கள் விழாவைக் கெடுத்துவிட்டேன். மன்னிக்கவேண்டும்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார் ஓனர் தமிழில், காதருகே கையைக் குவித்துக் காட்டிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் நல்லா டிரான்ஸ்லேட் பண்ணுவீங்களே. சொல்லுங்கம்மா, சத்தமா சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பாமலே, குரலை உயர்த்தி, அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னார். ஒரு பிசிறும் இல்லாத குரல். பாடகர் குரல்.

பிறகு வாசித்தார். ஒரு பழைய சினிமா மெட்டை ஓனர் முணுமுணுத்துக் காட்டினார். ஒரே தடவை கேட்டு வாசித்தார். இன்னொன்று, இன்னொன்று. வேகமாக என்றால் வேகமாக. சமோசா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த கேட்டரிங் அம்மாள் கார்பெட்டில் கொஞ்சம் சட்னியைச் சிந்திவிட்டார். தெலுங்குக்கார அம்மாள், ஐம்பது வயதிருக்கும். ஓனர் பாய்ந்தார்.

"கண்ணு தெரியலையா? புது கார்பெட்! யாரு உன்னையெல்லாம் அனுப்பறாங்க?"

அந்த அம்மாள் முந்தானையாலேயே துடைக்கக் குனிந்தார். ஓனர் நின்றுகொண்டு திட்டிக்கொண்டே இருந்தார். நான் பியானோமேல் இருந்த கைகளைப் பார்த்தேன். இத்தனை மாதமும் எந்த நிமிஷம் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்த கைகள். இப்போது, நிற்கட்டும், நின்றுவிடட்டும், பாஸ்போர்ட் போனால் போகட்டும் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கைகள் நிற்கவில்லை. முதுகு நேராக, முகம் சுவரைப் பார்த்தபடி, ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தன. நான் எழுந்து போய் அந்த அம்மாளோடு சேர்ந்து குனிய முயன்றேன். வயிறு இடித்தது. "நீங்க உக்காருங்கம்மா" என்று அந்த அம்மாளே என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கிளம்பும்போது ஓனர் இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையில் போட்டார். "பத்திரமா வெச்சிருந்தேன் பாருங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு ஷாப்பிங் சென்டர் பார்க்கிங் லாட். இறங்கிப் போய், கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் தள்ளுவண்டியில் சாமான்களைத் தள்ளிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள். நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்று ஒரு தப்புக்கூட வரவில்லை, கவனித்தீர்களா?" என்றார். "கை நடுங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். குரலாவது தடுமாறும் என்று நினைத்தேன். எதுவும் ஆகவில்லை. என்னால் இப்படியும் முடியும் என்று இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாது."

"எங்களுக்காகத்தானே செய்தீர்கள்."

"ஆமாம், உங்களுக்காகத்தான். அந்த அம்மாளுக்கு அது தெரியாதே."

நாங்கள் ரவுண்ட் ராக் வந்துவிட்டோம். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை. சேகர் கீழே போய்க் கதவைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். "தேங்க்ஸ் சொல்லலாம்னு போனேன். தொறக்கல" என்றார். எங்களுக்குப் பெண் பிறந்தாள். சேகர் புது வேலையில் நன்றாகவே இருந்தார். அந்த நாளைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மகள் நடக்க ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் எங்களுக்கு ஒரு போன் வந்தது. சேகர் எடுத்தார். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி. பழைய ஓனரைப் பற்றி விசாரிக்கிறார்கள். விழாவுக்கு வந்திருந்த அந்த அமெரிக்கப் பெண்மணி புகார் கொடுத்ததில் ஆரம்பித்ததாம். பழைய ஆட்கள் பலரிடம் பேசியும் யாரும் எதுவும் சொல்ல மறுக்கிறார்களாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

எங்கள் கிரீன் கார்டு அப்போதும் வரவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சேகர் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முரளியிலிருந்து ஆரம்பித்தார். லாக்கர், ஏர்போர்ட் வாசல், இன்ஷூரன்ஸ். நடு நடுவே நிறுத்தினார், தண்ணீர் கேட்டார், மறுபடியும் ஆரம்பித்தார். பெயரைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள் போலிருக்கிறது. தன் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தக் கம்பெனியை அடுத்த வருடம் மூடிவிட்டார்கள். முரளி வேறு கம்பெனி மூலம் திரும்பி வந்து, இப்போது கலிபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிறான்.

அதிகாரியிடம் பேசிய அன்றைக்கே மான்மவுத் ஜங்ஷனுக்குப் போன் பண்ணினேன். அவர்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பேசும்போது அவர் குரல் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நடுங்கியது. கைகூட நடுங்கியது."

"நல்லது," என்றார். "அப்படித்தான் இருக்கவேண்டும்."

சேகர் கையை நீட்டிப் போனைக் கேட்டார். "அங்கிள், அன்று உங்கள் வீட்டு வாசலில் கத்தினேன்…" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மேலே சொல்லமுடியாமல் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சேகர் கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டென்று சிரித்தார். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை வைத்ததும், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா பியானோ பக்கமே போகலையாம். இப்பதான் மறுபடி வாசிக்க ஆரம்பிச்சிருக்காராம். ஒரே தப்புத் தப்பா வருதாம். கேக்கவே சகிக்கலையாம்" என்றார் சேகர். "அவ்வளவு சந்தோஷமா சொல்றாரு."